பார்த்துக்கொள்ள வந்தவரைப் பிடித்துப்போய்விட்டது. சொல்லலாமா?

கடைசிப்படி (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். இரண்டு வருடமாக இங்கே படிக்க மட்டும் செய்கிறேன். எழுதுவது இதுதான் முதல் தடவை. பேசிப் பேசித் தட்டச்சு செய்கிறேன், ஒற்றுப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வயது 34. ஐந்து வருடத்துக்கு முன்பு ஆழம் பார்க்காமல் தண்ணீரில் தலைகீழாகக் குதித்தேன். கழுத்தில் தண்டுவடம் அடிபட்டது. சி6, அதாவது கழுத்துத் தண்டுவடத்தின் ஆறாவது மட்டம், முழுக் காயம். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: தோள் வேலை செய்யும், முழங்கை மடங்கும், மணிக்கட்டை மேலே தூக்க முடியும். விரல்கள் தாமாக அசையாது. நெஞ்சுக்குக் கீழே அசைவும் இல்லை, உணர்வும் இல்லை. அண்ணன் வீட்டில் இருக்கிறேன். கணினியில் கணக்கு வேலை பார்த்து என் செலவை நானே பார்த்துக்கொள்கிறேன். என்னைக் கவனித்துக்கொள்பவருக்குச் சம்பளம் கொடுப்பதும் நான்தான். பிரச்சினை அங்கேதான் தொடங்குகிறது.

அவர் வந்து மூன்று வருடம் ஆகிறது. பகல் முழுக்க, வாரத்தில் நான்கு இரவு. காலையில் குடலைச் சுத்தம் செய்வது முதல் இரவில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைப்பது வரை எல்லாம் அவர்தான். மூன்று வருடத்தில் ஒரு படுக்கைப்புண் வந்ததில்லை. இந்த நோயோடு இருப்பவர்களுக்கு அந்த வாக்கியத்தின் கனம் தெரியும்.

போன மாதம் ஓர் இரவு. திடீரென்று தலை வெடிக்கிற வலி, முகத்தில் வியர்வை கொட்டுகிறது, கண் மங்குகிறது. நடுநெஞ்சு மட்டத்திலோ அதற்கு மேலோ தண்டுவடம் அடிபட்டவர்களுக்கு இது வரும். கீழே எங்கோ ஒரு தொந்தரவு இருக்கும், உடம்பால் அதைச் சொல்ல முடியாது, இரத்த அழுத்தம் கண்டபடி ஏறும். விட்டால் மூளையில் இரத்தக்கசிவு வரை போகும். அவர் ஓடிவந்து படுக்கையை நிமிர்த்தி உட்கார வைத்தார். கால்களைத் தொங்கவிட்டார், இடுப்புப் பட்டையை அவிழ்த்தார், சிறுநீர் டியூபைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே போனார். தொடைக்கு அடியில் மடங்கிக் கிடந்தது. நிமிர்த்தியதும் பையில் சிறுநீர் இறங்குகிற சத்தம். ஐந்து நிமிடத்தில் வலி வடிந்தது.

எல்லாம் முடிந்த பிறகு அவள் தரையில் உட்கார்ந்து கட்டில் காலில் தலையைச் சாய்த்து அழுதாள். ஒரு வார்த்தை பேசவில்லை. என் கை அவள் தலைக்கு ஒரு சாண் மேலே இருந்தது. வைக்கலாமா கூடாதா என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். அதற்குள் எழுந்து போய்விட்டாள்.

சொல்லலாமா? சொன்னால் என்ன ஆகும்?

உற்சாகம்

சொல்லிவிடுங்கள் நண்பரே! இதற்கெல்லாம் யோசிப்பார்களா? அவர் அழுததிலேயே பாதி வந்துவிட்டது. மீதியை நீங்கள் சொல்லுங்கள்.

பழைய வார்டு

உற்சாகம் தம்பி, கொஞ்சம் பொறு.

27 வருடம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். அவசரம் முடிந்த பிறகு வரும் அழுகையை நான் அறிவேன். கழிப்பறைக்குள் போய் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதிருக்கிறேன், இன்றைக்குப் பெயர்கூட நினைவில்லாத நோயாளிகளுக்காக. பயம் இறங்கும்போது கண் வழியாக இறங்கும். அது காதலாகவும் இருக்கலாம், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அழுகையைச் சாட்சிக்கு அழைக்காதீர்கள்.

கடைசிப்படி, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். அவர் 'வேண்டாம்' என்று சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மறுநாள் காலை ஏழு மணிக்கு அவர்தானே உங்களைக் குளிப்பாட்ட வேண்டும்? அந்த ஏழு மணியை நினைத்துப் பார்க்கிற பெண் எப்படி 'வேண்டாம்' என்று சொல்வார்? அவர் மாதச் சம்பளம் உங்கள் கையில். உங்கள் உடம்பு அவர் கையில். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பிடித்து வைத்திருக்கிறீர்கள். நர்ஸ் வேலையில், பராமரிப்பில் இருக்கும் நோயாளியோடு உறவு கூடாது என்று விதி வைத்திருப்பது காதல் பிடிக்காமல் அல்ல. 'சரி' என்று சொன்னால் அது உண்மையான சரிதானா என்று கண்டுபிடிக்க வழியே இல்லாததால்தான்.

என் யோசனை: முதலில் இன்னொரு ஆள் பாருங்கள். அவர் வேலை பழகட்டும். பிறகு இந்தப் பெண்ணின் சம்பளத்துக்கு வேறு வழி இருக்கிறதா என்று பாருங்கள். அதன் பிறகு சொல்லுங்கள். வரிசை மாறக்கூடாது.

எதிர்க்கட்சி

கசப்பாகவே சொல்கிறேன், யாரும் கோபப்பட வேண்டாம். நோயாளிக்குப் பார்த்துக்கொள்பவர் மேல் வருவது பாதி நன்றி, பாதி பயம். இவள் போய்விட்டால் நம் கதி என்ன என்கிற பயத்துக்குக் காதல் என்று பெயர் வைத்துக்கொள்கிறோம்.

ஸ்டீபன் ஹாக்கிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். 1963ல் நோய் தெரிந்தது, 1965ல் ஜேனைத் திருமணம் செய்தார். 1985ல் தொண்டையில் துளையிட்டு அறுவை, பேச்சு போனது, வீட்டில் இருபத்துநான்கு மணி நேரமும் நர்ஸ்கள். அந்த நர்ஸ்களில் ஒருவரான எலைனை, முதல் திருமணம் முறிந்த 1995லேயே மணந்தார். 2006ல் அதுவும் விவாகரத்து. உலகத்திலேயே பெரிய மூளைக்காரர்களில் ஒருவருக்கே இந்தக் கதி. நமக்கு?

சக்கரக்காரி

எதிர்க்கட்சி, நீங்களே கணக்குப் போடுங்கள். இரண்டாவது திருமணம் 11 வருடம் நீடித்தது. முதல் திருமணம் 30 வருடம். கை கால் நன்றாக இருப்பவர்கள் எத்தனையோ பேர் அதற்குள் மூன்று முறை பிரிந்துவிடுகிறார்கள். அதை யாராவது 'நன்றியா, பயமா' என்று அலசுகிறார்களா? எங்கள் காதல் மட்டும் எப்போதும் ஆய்வுக்கூடத்தில் கிடக்க வேண்டுமா?

சரி, என் கதை. சின்ன வயதில் போலியோ. கால்கள் அப்போதே போயின, இப்போது தோளும் தேய்கிறது. என் கணவர் முதலில் எனக்கு வண்டி ஓட்டவும் தூக்கி உட்கார வைக்கவும் வந்தவர். சம்பளத்துக்கு. இரண்டு வருடம் கழித்துத் திருமணம் செய்துகொண்டோம். சம்பளத்தை நிறுத்தினோம். இவர்தான் இருக்கிறாரே, இன்னொரு ஆள் எதற்கு என்று எல்லோரும் சொன்னார்கள். நாங்களும் நம்பினோம்.

அந்த முதல் இரண்டு வருடம் எங்களை முடித்துவிடப் பார்த்தது. கணவனோடு சண்டை போட்டால் மற்ற பெண்கள் அடுத்த அறைக்குப் போய்க் கதவைச் சாத்தலாம். நான் யாரோடு சண்டை போட்டேனோ அவரைத்தான் பத்து நிமிடத்தில் 'கழிப்பறைக்குத் தூக்கிப் போங்கள்' என்று கூப்பிட வேண்டும். அவர் மாட்டேன் என்று ஒருநாளும் சொன்னதில்லை. கோபத்தோடு தூக்கினாலும் தூக்குவார். அந்தத் தூக்கல்தான் வலிக்கும். அதனால் நான் சண்டை போடுவதையே நிறுத்தினேன். சண்டை நின்றதும் பேச்சும் மெல்ல நின்றது.

இப்போது காலை ஆறு முதல் எட்டு வரை ஒரு பெண் வருகிறார். அந்த இரண்டு மணி நேரம் என் கணவர் தூங்குவார், நடக்கப் போவார், எனக்குத் தெரியாது. எட்டு மணிக்கு நான் குளித்து உடுத்தி உட்கார்ந்திருப்பேன். அப்போது உள்ளே வருகிறவர் என் கணவர். இதை எழுதும்போது சிரிப்பு வருகிறது, ஆனால் எங்களைக் காப்பாற்றியது அந்த இரண்டு மணி நேரம்.

எட் ராபர்ட்ஸ் என்று ஓர் அமெரிக்கர். 1953ல், 14 வயதில் போலியோ. கழுத்துக்குக் கீழே ஏறக்குறைய எதுவும் கிடையாது, இரவில் இரும்பு நுரையீரல் எந்திரத்துக்குள் தூங்குவார். 1972ல் பெர்க்லியில் மாற்றுத்திறனாளிகள் தாங்களே நடத்தும் சுயவாழ்வு மையத்தைத் தொடங்கியவர்களில் முக்கியமானவர். அவரால் மின்சார நாற்காலி ஓட்ட முடியாது என்று முன்பு சொல்லியிருந்தார்கள். அவரும் உதவியாளர் தள்ளத் தள்ளப் போய்க்கொண்டிருந்தார். அப்புறம் ஒரு காதலி வந்தாள். காதலியோடு பேசும்போது பின்னால் ஒருவர் நின்று நாற்காலியைத் தள்ளிக்கொண்டே வந்தால் எப்படி இருக்கும்? உடனே ஓட்டக் கற்றுக்கொண்டார்! போராட்டம், கொள்கை எல்லாம் அப்புறம். மூன்றாவது ஆளை அனுப்புவதுதான் அவசரம்.

கடைசிப்படி, உங்கள் சிக்கல் அதன் தலைகீழ். நீங்கள் மூன்றாவது ஆளை உள்ளே கொண்டுவர வேண்டும்.

கடைசிப்படி

எல்லோருக்கும் நன்றி. பழைய வார்டு அக்கா சொன்ன ஏழு மணியை நினைத்து நேற்று முழுக்கத் தூங்கவில்லை.

எதிர்க்கட்சி சார், பயம் இருக்கிறது, மறைக்கவில்லை. மற்றவர்கள் காதலில் தோற்றால் அழுவார்கள், அழுதுகொண்டே புரண்டு படுப்பார்கள். எனக்குப் புரண்டு படுக்கவும் அவர்தான் வேண்டும். ஆனால் நான்கு வெவ்வேறு ஆட்கள் இதற்கு முன் என்னைப் புரட்டிப் படுக்க வைத்திருக்கிறார்கள். அவர்கள் போனபோதும் பயம்தான் வந்தது. அவர்கள் வாசலில் செருப்பை விடும் சத்தம் கேட்டு நெஞ்சு அடித்துக்கொண்டதில்லை.

ஒற்றெழுத்து

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். பிழை பார்ப்பது என் தொழில், கண் தானாக அங்கே போகிறது. முதல் பதிவில் அவர் வந்தார், அவர் ஓடிவந்தார், அவர் அவிழ்த்தார் என்று எழுதிவிட்டு, டியூப் சரியானதும் "அவள் தரையில் உட்கார்ந்து" என்று மாறிவிட்டீர்கள். அதன் பிறகு கடைசி வரை 'அவள்'. திருத்தச் சொல்லவில்லை. கவனித்தேன், அவ்வளவுதான்.

கடைசிப்படி

இப்போதுதான் நானே பார்க்கிறேன். நேரில் இதுவரை ஒருமுறைகூட அப்படிக் கூப்பிட்டதில்லை. நான் 'சிஸ்டர்' என்பேன், அவர் 'சார்' என்பார்.

இரவுப்பணி

எங்கள் பக்கத்தையும் யாராவது சொல்ல வேண்டும். நான் வீட்டு நர்ஸ். பன்னிரண்டு வருடம்.

எங்களுக்கும் வரும். வராது என்று நினைக்காதீர்கள். ஒரு மனிதரை மூன்று வருடம் தினமும் தொட்டுக்கொண்டே இருந்துவிட்டு, தொட்டது கையுறைதான், நான் இல்லை என்று எத்தனை நாள் சொல்லிக்கொள்வது? ஆனால் நாங்கள் வாயைத் திறந்தால் முதலில் வருவது 'சொத்துக்கு அடி போடுகிறாள்' என்பதுதான். நோயாளி சொன்னால் பாவம் என்பார்கள். நாங்கள் சொன்னால் வேறு பெயர்.

நான் பார்த்துக்கொண்ட ஒருவருக்கு நரம்புகள் ஒவ்வொன்றாகச் செயலிழக்கும் நோய். கடைசியில் கண் மட்டும் மிச்சம். எழுத்துப் பலகை வைத்துப் பேசுவோம். நான் விரலை உயிரெழுத்தில், மெய்யெழுத்தில் ஓட்டிக்கொண்டு போவேன், வேண்டிய இடத்தில் அவர் கண்ணை மூடித் திறப்பார். ஒரு சொல்லுக்கு ஐந்து நிமிடம் ஆகும். அதனால் முதல் எழுத்து வந்ததுமே மீதியை நான் ஊகித்துச் சொல்லிவிடுவேன். பெரும்பாலும் சரியாக இருக்கும். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

ஓர் இரவு 'நீ' என்று வந்தது. நான் 'நீரா?' என்று கேட்டு, பஞ்சை நனைத்து உதட்டைத் துடைத்துவிட்டேன். அவர் கண்ணால் திருத்தவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தார். இரண்டு வாரத்தில் இறந்துவிட்டார்.

தண்ணீர்தான் கேட்டிருப்பார். அந்த நேரத்துக்கு எப்போதும் உதடு காயும். ஆனாலும் ஒரு நிமிடம் பொறுத்திருக்கலாம்.

கடைசிப்படி, அவரைப் பேச விடுங்கள். நீங்களே ஊகித்து முடித்துவிடாதீர்கள்.

பூட்டுச்சாவி

[இந்தப் பதிவு நீக்கப்பட்டது]

நெறியாளர்

படுக்கையறை விவரம் கேட்டு எழுதப்பட்ட ஒரு பதிவை நீக்கியிருக்கிறேன். மற்றவர்களிடம் கேட்கக் கூசுவதை மாற்றுத்திறனாளியிடம் மட்டும் கேட்கலாம் என்று இங்கே ஒரு விதியும் இல்லை.

மனுதாரர்

சட்டப்படி பார்த்தால், 2006 டிசம்பரில் ஐ.நா. நிறைவேற்றிய மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 23ஆவது பிரிவு, திருமண வயது வந்த எவருக்கும் முழுச் சம்மதத்தோடு மணம் செய்துகொள்ளவும் குடும்பம் அமைக்கவும் உரிமை உண்டு என்கிறது. 19ஆவது பிரிவு, சமூகத்தோடு வாழத் தேவையான தனி உதவியாளர் வசதியைப் பற்றியும் பேசுகிறது. ஆனால் ஒரு கை கொடுப்பதை மறு கை பிடுங்குவதும் நடக்கிறது. அமெரிக்காவில் ஊனமுற்றோருக்கான எஸ்.எஸ்.ஐ. உதவித்தொகை வாங்குபவர் தனியாள் என்றால் 2,000 டாலர் வரை சேமிப்பு வைக்கலாம். அதே உதவி பெறும் இன்னொருவரைத் திருமணம் செய்தால் இருவருக்கும் சேர்த்து 3,000தான். அதற்குப் பயந்தே பதிவுத் திருமணம் செய்யாமல் இருக்கிற தம்பதிகள் உண்டு.

பழைய வார்டு

தகவலுக்கு நன்றி மனுதாரர் ஐயா. ஆனால் உரிமை இருக்கிறதா என்று அவர் கேட்கவே இல்லை. எப்படி வாயைத் திறப்பது என்று கேட்கிறார்.

கடைசிப்படி (நான்கு மாதம் கழித்து)

பதில் சொல்லாமல் காணாமல் போனதற்கு மன்னிக்கவும்.

பழைய வார்டு அக்கா சொன்ன வரிசையைத்தான் பிடித்தேன். முதலில் ஓர் ஆள் தேடினோம். அண்ணன் வயதில் ஒருவர் கிடைத்தார். நல்ல மனிதர், பலசாலி. முதல் நாளே என் விரல்களை ஒவ்வொன்றாக நீவி நிமிர்த்த ஆரம்பித்தார். நீவிவிட்டால் நல்லது என்று நினைத்திருக்கிறார். அவள் ஓடிவந்து கையைத் தட்டிவிட்டாள்! எங்கள் விரல்களில் கொஞ்சம் இறுக்கம் இருக்க வேண்டும். மணிக்கட்டைத் தூக்கினால் அந்த இறுக்கத்தால்தான் விரல்கள் தாமாக மடங்கி ஒரு பிடி கிடைக்கும். அதைக் கொண்டுதான் கரண்டி பிடிப்பேன், தம்ளர் பிடிப்பேன். நீவித் தளர்த்திவிட்டால் அதுவும் போய்விடும். அவள் அவருக்கு இதைச் சொல்லிக்கொடுத்த விதத்தைப் பார்த்தபோது, என் கையைப் பற்றி என்னைவிட அவளுக்கு அதிகம் தெரியும் என்று தோன்றியது.

அவர் வேலை பழகிய பிறகு ஒருநாள் சொன்னேன். இரண்டு வாரம் ஒத்திகை பார்த்த பேச்சு ஒன்று இருந்தது. 'உங்களை வேலையை விட்டு அனுப்பப் போகிறேன்' என்று தொடங்கித் தொலைத்துவிட்டேன். அவள் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு மீதியை அவசர அவசரமாகச் சொன்னேன். கேட்டுவிட்டு, "தெரியும் சார்" என்றாள். அப்புறம், "எனக்கு வேறு இடத்தில் வேலை கிடைத்த பிறகுதான் உங்களிடமிருந்து இந்தப் பேச்சு வர வேண்டும் என்று காத்திருந்தேன். போன வாரம் கிடைத்தது" என்றாள்.

இரண்டு பேரும் ஒரே ஏழு மணிக்குப் பயந்திருக்கிறோம்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறாள். முதல் ஞாயிறு வந்தபோது உட்காரத் தெரியவில்லை. மூன்று வருடம் நின்றுகொண்டே இருந்த அறை. நாற்காலியைக் காட்டினேன், நுனியில் உட்கார்ந்தாள். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்தாள். கண் சிறுநீர்ப் பைக்குப் போய்ப் போய் வந்தது, நிரம்பிவிட்டதா என்று. 'பார்க்காதே' என்றேன். சிரித்தாள். அன்றுதான் முதன்முதலாக என் பெயரைச் சொன்னாள். மூன்றெழுத்துப் பெயர், அதற்கு அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டாள்.

என் கையைப் பிடித்துக்கொண்டாள். கட்டைவிரல், ஆள்காட்டி விரல் பக்கம் எனக்கு உணர்வு உண்டு, சுண்டுவிரல் பக்கம் கிடையாது. அவளுக்கு அது தெரியும். சரியாக அந்தப் பக்கம்தான் பிடித்தாள். நான் மணிக்கட்டைத் தூக்கினேன்.

உற்சாகம்

நான் முதலிலேயே சொன்னேனே! (சரி சரி, பழைய வார்டு அக்கா திட்ட வேண்டாம்.)

சக்கரக்காரி

மனசு நிறைந்தது. ஒரே ஒரு கேள்வி. ஞாயிற்றுக்கிழமை டியூபில் ஏதாவது கோளாறு என்றால் யார் பார்ப்பது?

கடைசிப்படி

அதற்கு விதி வைத்திருக்கிறோம். அவள் தொடக்கூடாது. புதியவர் பக்கத்து அறையில் இருப்பார்.

போன வாரம் விதி உடைந்தது. அவர் வெளியே போயிருந்த நேரம், டியூப் அடைத்துக்கொண்டது, எனக்குத் தலைவலி ஆரம்பித்தது. ஐந்து நொடியில் அவள் பழைய ஆளாக மாறிவிட்டாள். உட்கார வைத்து, அவிழ்த்து, சரிசெய்து, கை கழுவிவிட்டு வந்தாள். "இப்போது எப்படி இருக்கிறது சார்?" என்று கேட்டாள்.

சார் என்றதை இரண்டு பேருமே கவனித்தோம். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பயந்த மாதிரி ஒன்றும் ஆகவில்லை, ஆனால் அந்த ஞாயிறு அதோடு முடிந்துவிட்டது.

கடைசிப்படி (ஒன்றரை வருடம் கழித்து)

இந்த இழையை இன்னும் சிலர் படிக்கிறார்கள் போல, தனிமடல் வருகிறது. அதனால் என்ன ஆனது என்று எழுதிவிடுகிறேன்.

திருமணம் பற்றிப் பேசினோம். நான்தான் கேட்டேன். அவர் ஒரு மாதம் அவகாசம் கேட்டார். ஊகித்து முடிக்காமல் இருக்க வேண்டும் என்று இரவுப்பணி சொன்னதை வைத்துக்கொண்டு அந்த ஒரு மாதத்தை ஓட்டினேன்.

மாதம் முடிந்து வந்தபோது சொன்னார். பத்தொன்பது வயதில் பாட்டியைப் புரட்டிப் படுக்க வைக்கத் தொடங்கினாராம். பாட்டிக்குப் பிறகு சம்பளத்துக்கு, வீடு வீடாக. பதினான்கு வருடமாக இரவில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் சேர்ந்தாற்போல் தூங்கிய நாட்களை எண்ணிவிடலாம் என்றார். "உங்களைக் கட்டிக்கொண்டால் புதியவர் இருப்பார், அண்ணன் இருப்பார், எல்லாம் தெரியும். ஆனால் பக்கத்து அறையில் நீங்கள் முனகினால் நான்தான் முதலில் எழுந்திருப்பேன். என்னால் எழுந்திருக்காமல் இருக்க முடியாது. யார் தடுத்தாலும் முடியாது. எனக்குத் தூங்க வேண்டும்."

பிடிக்கவில்லையா என்று கேட்டேன். அப்படிக் கேட்டிருக்கக்கூடாது. "பிடிக்காவிட்டால் தூங்கிவிடுவேனே" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை, இன்றும் இல்லை.

கழுத்து முறிந்ததால் ஒரு பெண் என்னை மறுத்தார் என்று வெளியில் சிலர் பேசுகிறார்கள். அப்படி எடுத்துக்கொள்ள எனக்கே சில இரவுகளில் ஆசை வரும், யார் மேலாவது கோபப்படலாம் இல்லையா. ஆனால் அது உண்மை இல்லை. என்னை நன்றாகத் தெரிந்ததால் மறுத்தார்.

வேறு ஊரில் ஒரு பயிற்சி மையத்தில் வேலை கிடைத்தது. வீட்டு நர்ஸ் வேலைக்கு வரும் பெண்களுக்குப் பாடம் எடுக்கிறார். பகல் வேலை. போவதற்கு முன் ஒரு மாதம் ஞாயிறுதோறும் வந்து பலகை வைத்துக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு நானே நகர்ந்து உட்காரப் பழக்கினார். விதி எல்லாம் அப்போது கிடையாது. கடைசி ஞாயிறு யார் கையும் படாமல் ஏறி உட்கார்ந்தேன். பதினோரு நிமிடம் ஆனது. அவர் கதவருகே கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நடுவில் ஒருமுறை சாய்ந்தேன், ஒரு அடி முன்னால் வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். உட்கார்ந்து முடித்ததும் இரண்டு பேருக்கும் சந்தோஷம். அப்புறம் என்ன பேசுவதென்று தெரியவில்லை.

மாதம் ஒருமுறை பேசுகிறோம். நன்றாகத் தூங்குகிறாராம்.

எதிர்க்கட்சி

அன்று நான் எழுதியது கொஞ்சம் அதிகம். வேறு என்ன சொல்வது. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரவுப்பணி

அந்தப் பெண் சொன்னதில் ஒரு சொல்லைக்கூட மாற்ற முடியாது. நானும் அதே அலாரத்தோடு இருப்பவள்தான். எழுதியதற்கு நன்றி.

ஒற்றெழுத்து

மறுபடியும் 'அவர்'.

புதியவன் (ஏழு மாதம் கழித்து)

பழைய இழையைக் கிளறுவதற்கு மன்னிக்கவும் அண்ணா. என் அக்காவுக்கும் சி6, அடிபட்டு எட்டு மாதம் ஆகிறது. நீங்கள் எழுதிய பலகையைத் தேடித்தான் இங்கே வந்தேன். எவ்வளவு நீளம் வேண்டும்? எதையெல்லாம் கவனிக்க வேண்டும்? நான்தான் பார்த்துக்கொள்கிறேன், எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

கடைசிப்படி

கிளறினால் பரவாயில்லை தம்பி.

பலகை 70 செ.மீ. அளவில் இருந்தால் போதும். மேல்பக்கம் வழவழப்பாகவும் ஓரங்கள் உருட்டையாகவும் இருக்கட்டும். முதலில் பிசியோவிடம் காட்டி, அவர் முன்னால் பழகுங்கள். நாற்காலியைக் கட்டிலுக்குச் சாய்வாக ஒட்டி வைத்து பிரேக்கைப் பூட்டுங்கள், அந்தப் பக்கத்துக் கைப்பிடியைக் கழற்றிவிடுங்கள். பலகையின் ஒரு முனை தொடைக்கு அடியில் நன்றாக உள்ளே போயிருக்க வேண்டும், அரைகுறையாக வைத்தால் நழுவும். வெறும் தோலில் இழுக்காதீர்கள், உரிந்துவிடும், அக்காவுக்கு அது தெரியவும் தெரியாது. ஒரேயடியாக நகர வேண்டாம், அங்குலம் அங்குலமாக. சாய்ந்தால் பிடிக்க முன்னால் நில்லுங்கள், ஆனால் பிடிக்க அவசரப்படாதீர்கள்.

இன்னொன்று. கையை ஊன்றும்போது அக்காவின் விரல்கள் மடங்கியே இருக்க வேண்டும். விரித்து உள்ளங்கையை ஊன்றச் சொல்பவர்கள் இருப்பார்கள், கேட்காதீர்கள். பிடி போய்விடும். எனக்கு அதை முதல் நாளே சொல்லிக்கொடுத்தாள்.